ஏரி நடுவில் முளைத்த காடு

"அண்ணா, ஏரி முழுக்க ஆகாயத்தாமரைதான். படத்துல பளிச்சுன்னு தெரியுது" என்று அந்தத் தம்பி போன மாதம் ஃபோனில் சொன்னபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் அவனுடைய ஊர் ஏரி அது. முதுகலை ஆய்வுக்காக சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தாவரப் பரப்பை அளந்துகொண்டிருந்தான். ஏரிப் பாசன விவசாயிகள் கொடுக்க இருந்த மனுவில் இவனுடைய வரைபடத்தையும் இணைப்பாக வைப்பதாகப் பேச்சு. அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீர்ப்பரப்பு முழுக்க அடர் பச்சை. இந்தப் பக்கத்து ஏரிகளில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடப்பது புதுசா என்ன? "நல்லா வந்திருக்குடா" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கண்டுபிடித்தது நானும் இல்லை, அவனும் இல்லை. அவனுடைய மாமா. வரைபடத்தைக் காட்டியதும், "எங்கடா இருக்கு இவ்ளோ தாமரை? கலங்கல் ஓரத்துல கொஞ்சம் கெடக்கு, மத்தபடி தண்ணிதான் தளும்புது. நேத்துகூட கரைமேல வண்டியிலதான வந்தேன்" என்றாராம்.

அன்று ராத்திரி நிரலைத் திறந்து பார்த்தோம். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. எச்சரிக்கை இல்லை. தாவரக் குறியீட்டெண்ணுக்கான சூத்திரம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. பைத்தானில், நம்பை நூலகத்தில், ஒரே வரி. அந்த வரியை யார் படித்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த வரி சரியா தப்பா என்பதை அந்த வரியைப் படித்துச் சொல்லவே முடியாது என்பதுதான் நம்பை மீது எனக்குள்ள குறை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

நடந்தது இதுதான். படக்கோப்பில் ஒவ்வொரு பிக்சலும் 16 பிட் குறியில்லா முழு எண். 0 முதல் 65,535 வரைதான் அதில் கொள்ளும், எதிர்மறைக்கு இடமே கிடையாது. செடிகொடி உள்ள இடத்தில் அகச்சிவப்பு அதிகம், சிவப்பு குறைவு. அங்கே கழித்தால் பிரச்சினை இல்லை. தண்ணீரில் தலைகீழ். ஒரு பிக்சலில் அகச்சிவப்பு 200, சிவப்பு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-லிருந்து 500-ஐக் கழித்தால் மைனஸ் 300 வரணும். அதை வைக்க இடமில்லாததால் எண் ஒரு சுற்று சுற்றி 65,236 ஆகிவிடுகிறது. பழைய ஸ்கூட்டர் மீட்டரைப் பின்னோக்கி ஓட்டினால் சைபருக்கு முன்னால் 99999 வரும் இல்லையா, அதே கதை. அதை 700-ஆல் வகுத்தால் 93.19. மைனஸ் 1-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கமுடியும் என்ற குறியீட்டெண்ணுக்கு 93! அதைப் பார்த்திருந்தால் அவன் விழித்திருப்பான். ஆனால் வண்ணப் படமாக வரையும்போது எல்லையை மைனஸ் 1, பிளஸ் 1 என்று வைத்திருந்தான். எல்லாரும் அப்படித்தான் வைப்போம். 93 என்பது 1 என்று வெட்டப்பட்டு, ஆக அடர்ந்த காட்டின் நிறத்தைப் பெற்றுக்கொண்டது. எங்கெல்லாம் தண்ணீர் தெளிவாகத் தண்ணீராக இருந்ததோ அங்கெல்லாம் காடு.

இதில் என்னை உறுத்துவது பிழை நடந்தது அல்ல, அது நம்பும்படியாக இருந்தது. பாலைவனத்தில் காடு வந்திருந்தால் சிரித்துவிட்டுத் திருத்தியிருப்போம். தமிழ்நாட்டு ஏரியில் ஆகாயத்தாமரை வந்ததால் தலையாட்டினோம்.

தம்பியின் நிரலில் தரவினத்தை மாற்றும் கட்டளை இல்லாமலும் இல்லை. "நான் ஃப்ளோட்டாத்தானே மாத்தியிருக்கேன்" என்று காட்டினான். மாற்றியிருந்தான், கழித்த பிறகு. பால் திரிந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கிற மாதிரி. 65,236 என்பதை 65,236.0 ஆக மாற்றி என்ன பயன்? கழிக்கும் முன்பே இரு பட்டைகளையும் ஃப்ளோட்32 ஆக்கியிருக்க வேண்டும். 16 பிட் முழு எண் அனைத்தும் ஃப்ளோட்32-இல் துல்லியமாக அடங்கும், ஒன்றும் கெடாது. (நினைவகத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று சிலர் ஃப்ளோட்16-க்குப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் 2048-க்கு மேல் எல்லா முழு எண்ணும் கிடையாது, 2049-ஐப் போட்டால் 2048 ஆகிவிடும்.)

இதைவிட நுணுக்கமான ஒன்று அதே கோப்பில் இருந்தது. 2022 ஜனவரி 25-இல் நடைமுறைக்கு வந்த 04.00 பேஸ்லைனிலிருந்து சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு பிக்சலின் எண்ணிலும் 1000 கூட்டித் தருகிறார்கள். காரணம் நியாயமானது. மிக இருண்ட பரப்பில், குறிப்பாகத் தண்ணீரில், வளிமண்டலத் திருத்தத்துக்குப் பின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். குறியில்லா எண்ணில் அதை வைக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் 1000 உயர்த்திச் சேமித்து, கூடவே வரும் விவரக் கோப்பில் "மைனஸ் 1000 கூட்டிக்கொள்ளவும்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எதிர்மறை எண்கள் வெட்டுப்பட்டுப் போகக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு.

இதை நாம் எப்படி எழுதுவோம்? ஒன்று, படத்திலிருந்து 1000-ஐக் கழிப்போம். அல்லது விவரக் கோப்பில் உள்ள மைனஸ் 1000-ஐப் படத்தோடு கூட்டுவோம். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். நம்பையில் ஒன்றல்ல. பழைய 1.x பதிப்புகளில் 1000-ஐக் கழித்தால் விடை அதே குறியில்லா 16 பிட்டில் இருக்கும். 900 இருந்த பிக்சல் மைனஸ் 100 ஆகாமல் 65,436 ஆகும். மைனஸ் 1000-ஐக் கூட்டினால், எண் எதிர்மறை என்பதைப் பார்த்து நம்பை தானாகவே குறியுள்ள 32 பிட்டுக்கு மாறிக்கொள்ளும், விடை சரியாக மைனஸ் 100 வரும். அதாவது அப்போதெல்லாம் விடையின் தரவினத்தைத் தீர்மானித்தது, நாம் எழுதிய தனி எண்ணின் மதிப்பு! 8 பிட் அணியோடு 200-ஐக் கூட்டினால் 8 பிட்டிலேயே சுற்றும், 300-ஐக் கூட்டினால் 16 பிட் ஆகிவிடும். 255 வரை ஒரு சட்டம், 256-இலிருந்து வேறு சட்டம். இதை எழுதியவர்களுக்கு உதவுகிற எண்ணம்தான் இருந்திருக்கும். ஆனால் உதவி சில சமயம் வரும், சில சமயம் வராது என்றால் அது எப்போது வரும் என்று நாம்தான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

2024 ஜூனில் வந்த 2.0 பதிப்பில் இந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். 2006-இல் 1.0 வந்தபிறகு முதல் பெரிய எண் மாற்றம் அதுதான், அதில் நான் மனதாரப் பாராட்டும் விஷயமும் இதுதான். இப்போது தனி எண்ணின் மதிப்பு எதுவானாலும் அணியின் தரவினமே நிற்கும். கொள்ளாத எண்ணைக் கொடுத்தால் பிழை. அதன்படி மைனஸ் 1000-ஐக் கூட்டினால் "இந்த எண் இந்த வகைக்குள் அடங்காது" என்று நிரல் நின்றுவிடும். நல்லது. ஆனால் 1000-ஐக் கழித்தால்? 1000 அந்த வகைக்குள் அடங்கும்தானே, அதனால் பிழை இல்லை. சத்தமே இல்லாமல் 65,436. முன்பு ஒரு வழி சரி, ஒரு வழி தப்பு. இப்போது ஒரு வழி பிழை, இன்னொரு வழி பழையபடி தப்பு. பிழைச் செய்தியைப் பார்த்துப் பயந்த ஒருவர் கூட்டலைக் கழித்தலாக மாற்றி எழுதினால் செய்தி மறைந்துவிடும், பிரச்சினை தீர்ந்த மாதிரியும் இருக்கும். தம்பி செய்தது துல்லியமாக இதுதான். கணினியைப் புதுசாக்கியதும் பழைய நிரல் நின்றிருக்கிறது. மாற்றி எழுதியிருக்கிறான். ஓடியிருக்கிறது.

ஒரு துப்பு சொல்லிவைக்கிறேன். உங்கள் படத்தில் 64,536 என்ற எண் எங்காவது கூட்டமாகக் கிடந்தால் இதுதான் நடந்திருக்கிறது. தரவே இல்லாத ஓரப் பிக்சல்களின் மதிப்பு 0. அதிலிருந்து 1000 போனால் சுற்றிவந்து நிற்கும் இடம் 64,536. வெறுமையான ஓரம் படத்திலேயே ஆகப் பிரகாசமான இடமாக மாறியிருக்கும்.

நம்பையின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 1995-இல் நியூமெரிக் என்ற பெயரில் தொடங்கி, நடுவில் நம்அரே என்று ஒரு கிளை பிரிந்து, 2005, 2006 வாக்கில் டிராவிஸ் ஒலிஃபண்ட் இரண்டையும் ஒன்றாக்கியதில் பிறந்தது இது. அடியில் இருப்பது சி மொழி. கோடிக்கணக்கான எண்களை ஒரே மூச்சில் கூட்டுவதற்காகச் செய்த கருவி, ஒவ்வொரு கூட்டலுக்கும் "நிரம்பி வழிந்ததா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும் என்பார்கள். சுற்றிவருவதையே எதிர்பார்த்து எழுதப்பட்ட கணக்குகளும் உண்டு, ஹாஷ் கணக்கிடுவது மாதிரி. ஆவணத்திலும் முழு எண் நிரம்பி வழிவதைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். தனித்தனி எண்ணாக 8 பிட் 200-ஐயும் 8 பிட் 100-ஐயும் கூட்டிப் பாருங்கள். நம்பை எச்சரிக்கை தரும், ஓவர்ஃப்ளோ என்று. அதே இரண்டு எண்களை ஓர் அணிக்குள் போட்டுக் கூட்டுங்கள். கப்சிப். வழிதலைப் பிழையாக எழுப்பச் சொல்லி அமைப்பை மாற்றிவைத்தாலும் தனி எண்ணுக்கும் தசம எண்களுக்கும்தான் அது செல்லும், முழு எண் அணிக்குச் செல்லாது. ஒரு எண் தப்பானால் குரல் கொடுக்கும், பன்னிரண்டு கோடி எண் தப்பானால் வாய் திறக்காது. வேகத்தின் பொருட்டு என்பது காரணம்தான், ஆனால் கேட்டால்கூடக் கிடைக்காது என்பது வேகத்தால் வந்ததில்லை. மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, சோதித்துச் சொல் என்று கேட்கிற ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். பாதிப் பேர் அதை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் ஒரு தடவையாவது போட்டுப் பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கம், இண்டெக்ஸ் எல்லை தாண்டினால் நம்பை உடனே பிழை எழுப்பும். பத்து உறுப்புள்ள அணியில் பதினைந்தாவதைக் கேட்டால் தராது. முகவரியைச் சரிபார்க்கிற வாட்ச்மேன் உண்டு, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. சரி, முகவரியாவது பத்திரமா என்றால், அதுவும் எண்தானே. அந்த எண்ணே வழியில் சுற்றிப்போய்விட்டால்?

இது என் சொந்த அனுபவம், சில வருஷங்களுக்கு முந்தியது. சென்டினல்-2 ஓடு ஒன்றில் 10 மீட்டர் பட்டைக்கு 10,980 வரிசை, 10,980 நெடுவரிசை. ஆக 12,05,60,400 பிக்சல். ஒரே இடத்தின் பல தேதிப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீள அணியில் அடுக்கி, "இத்தனையாவது தேதி, இத்தனையாவது வரிசை, இத்தனையாவது நெடுவரிசை" என்பதிலிருந்து ஒற்றை இண்டெக்ஸ் கணக்கிட்டு மதிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். 17 தேதி வரை ஒழுங்காக ஓடியது. 18-ஆவது தேதியைச் சேர்த்தேன். அப்போதும் ஒழுங்காகத்தான் ஓடியது, அதுதான் கொடுமை.

குறியுள்ள 32 பிட்டில் கொள்ளும் ஆகப்பெரிய எண் 2,14,74,83,647. 17 படங்களின் மொத்தப் பிக்சல் 2,04,95,26,800, அதற்குள் அடங்கும். 18 படங்கள் என்றால் 2,17,00,87,200, அடங்காது. விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண், 2.0 பதிப்பு வரும்வரை, 32 பிட்தான். லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட். நான் விண்டோஸில் இருந்தேன். கடைசிப் பிக்சலின் இண்டெக்ஸ் 2,17,00,87,199 என்று வரவேண்டியது சுற்றிப்போய் மைனஸ் 2,12,48,80,097 ஆனது.

எதிர்மறை இண்டெக்ஸ் என்றால் எல்லை தாண்டிய பிழை வரவேண்டாமா? வராது. பைத்தானில் மைனஸ் 1 என்றால் கடைசி உறுப்பு, மைனஸ் 2 என்றால் கடைசிக்கு முந்தியது. அழகான வசதி, நானும் தினம் பயன்படுத்துகிறேன். அந்த வசதியின்படி நம்பை கடைசியிலிருந்து 2,12,48,80,097 இடம் பின்னால் போய், 4,52,07,103 என்ற இடத்தில் இருந்த பிக்சலை எடுத்துக் கொடுத்தது. அது முதல் தேதிப் படத்தின் நடுப்பகுதி. 18-ஆவது படத்தின் கடைசி 2,058 வரிசைகளுக்கு, அதாவது படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்புக்கு, முதல் படத்தின் வேறொரு பகுதி வந்து உட்கார்ந்துகொண்டது. மதிப்புகள் எல்லாம் இயல்பானவை, ஏனென்றால் அவை நிஜப் பிக்சல்கள். வேறு நாளின், வேறு இடத்தின் நிஜப் பிக்சல்கள்.

இரண்டு வசதிகளும் தனித்தனியே தற்காத்துக்கொள்ளக் கூடியவை. எண் சுற்றிவருவது வேகத்துக்காக. எதிர்மறை இண்டெக்ஸ் எழுதும் சுகத்துக்காக. இரண்டும் சேர்ந்தபோது எல்லைச் சோதனை என்ற ஒரே வாட்ச்மேனையும் தாண்டி உள்ளே போய்விட்டது. அலுவலக நண்பர் ஒருவர் அவருடைய லினக்ஸ் கணினியில் அதே நிரலை ஓட்டி வேறு எண்ணைக் காட்டும்வரை எனக்குத் தெரியாது. "உன் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்றுதான் முதலில் அவரிடம் சொன்னேன், வெட்கக்கேடு.

இண்டெக்ஸ் 0-விலிருந்து தொடங்கணுமா 1-லிருந்தா என்று நிரலாளர்கள் காலங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். டைக்ஸ்ட்ரா 1982-இல் 0-தான் சரி என்று தனிக் குறிப்பே எழுதினார். மேட்லேப், ஆர், ஜூலியா மூன்றும் 1 என்கின்றன. ஃபோர்ட்ரானில் இயல்பு 1, ஆனால் வேண்டிய எண்ணிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இதில் இவ்வளவு உயிரை விட வேண்டியதில்லை. ஒன்று தள்ளிப்போனால் பெரும்பாலும் ஓரத்தில் தெரிந்துவிடும். எதிர்மறை இண்டெக்ஸ் என்னவாக வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. ஜூலியாவில் அது பிழை, கடைசி உறுப்பு வேண்டுமென்றால் "எண்ட்" என்று வாயைத் திறந்து கேட்கணும். அந்த ஒரு வார்த்தை எழுதும் சிரமம் இருந்திருந்தால் என் 18-ஆவது படம் அன்றே பிழை காட்டி நின்றிருக்கும்.

தரவினம் வெறும் சேமிப்பு விவரம் அல்ல, பொருளையே மாற்றும் என்பதற்கு இன்னும் சுத்தமான உதாரணம் மாஸ்க். எது தண்ணீர், எது தண்ணீர் இல்லை என்று உண்மை, பொய் கொண்ட அணி ஒன்றைச் செய்து, அதையே சதுர அடைப்புக்குள் போட்டால் தண்ணீர்ப் பிக்சல்கள் மட்டும் வரும். நம்பையின் மிக நேர்த்தியான வசதி இது. அந்த மாஸ்க்கைப் படக்கோப்பாகச் சேமித்து, மறுநாள் திறந்தால் அது 0, 1 என்ற 8 பிட் எண்களாகத் திரும்பி வரும். அச்சிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அடைப்புக்குள் போட்டால் இப்போது அர்த்தமே வேறு: "0-ஆவது உறுப்பைக் கொடு, 1-ஆவதைக் கொடு, மறுபடி 0-ஆவதைக் கொடு." நீள அணியாக இருந்தால் பன்னிரண்டு கோடித் தடவையும் முதல் இரண்டு பிக்சல்களையே மாற்றி மாற்றித் தரும். சராசரி எடுத்தால் ஏதோ ஓர் எண் வரும். இரு பரிமாணப் படத்தில் போட்டால் நினைவகம் போதாமல் நிரல் விழுந்துவிடும், அது அதிர்ஷ்டம். மாஸ்க்கைத் திருப்பிப் போடுகிற அலைக்குறியை அந்த 8 பிட் அணிமேல் போட்டால் 1 என்பது 254 ஆகும், 0 என்பது 255 ஆகும். இரண்டும் பூஜ்யமல்ல, ஆகவே உண்மை, பொய்யாக மாற்றினால் இரண்டும் உண்மை. தண்ணீரல்லாத இடத்தைக் கேட்டால் மொத்த ஊரையும் கொடுக்கும்.

ஒரே அடைப்புக்குறி. உள்ளே இருப்பது உண்மை, பொய்யா, முழு எண்ணா என்பதைப் பொறுத்து வடிகட்டும் அல்லது பொறுக்கி எடுக்கும். உள்ளே இருப்பது துண்டுக் குறியீடா, எண் பட்டியலா என்பதைப் பொறுத்து மூல அணியின் மேலேயே ஜன்னல் திறக்கும் அல்லது தனி நகல் எடுத்துத் தரும். ஜன்னலில் கை வைத்தால் மூலமும் மாறும், நகலில் வைத்தால் மாறாது. இத்தனை வேலைகளையும் ஒரே குறியீட்டில் அடைத்து, எது நடக்கும் என்பதைத் தாளில் தெரியாத ஒன்றிடம் விட்டிருக்கிறார்கள். நிரலைப் படிப்பதும் ஆய்வின் ஒரு பகுதி, பெயர் மட்டும் தெரிந்து வகை தெரியாத எண்களைப் படித்து என்னத்தைச் சரிபார்ப்பது?

ஒரு விஷயத்தில் நம்பை தன் தப்பைத் திருத்திக்கொண்டது. முன்னெல்லாம் தசம எண்ணை இண்டெக்ஸாகக் கொடுத்தால் வெட்டி முழு எண்ணாக்கி வாங்கிக்கொள்ளும். 2017-இல் வந்த 1.12 பதிப்பிலிருந்து அது பிழை. ஆர் மொழியில் இன்றும் 2.9 என்று கேட்டால் இரண்டாவதை எடுத்துக் கொடுக்கும். ஆனால் அந்தப் பிழைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "இன்ட் போட்டுருங்க, சரியாயிடும்." சரியாகாது, நின்றுபோகும். ஒரு கிணற்றின் ஆயத்தொலைவைப் பிக்சல் எண்ணாக மாற்றுகிறோம், படத்தின் இடது ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைப் பத்தால் வகுத்து. கிணறு படத்துக்கு வெளியே, நான்கு மீட்டர் இடப்பக்கம் இருந்தால் மைனஸ் 0.4 வரும். இன்ட் என்பது பூஜ்யத்தை நோக்கி வெட்டும். மைனஸ் 0.4 என்பது 0 ஆகி, வெளியே இருந்த கிணறு படத்துக்குள் வந்துவிடும். பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் மைனஸ் 1.2 என்பது மைனஸ் 1 ஆகி, கிணறு படத்தின் வலது கோடிக்குப் பறந்துவிடும், 109 கிலோமீட்டர் அந்தப் பக்கம்! உள்ளே இருக்கும் எண்களிலும் வம்பு உண்டு. 0.29-ஐ நூறால் பெருக்கினால் கணினியில் 28.999999999999996. இன்ட் போட்டால் 28. கேட்கவேண்டிய கேள்வி "பிழை ஏன் வந்தது" என்பதல்ல, "இங்கே தசம எண் ஏன் வந்தது" என்பது. கீழ்நோக்கி வெட்டணுமா, அருகிலுள்ளதற்கு முழுமையாக்கணுமா, வெளியே இருப்பதைத் தள்ளணுமா என்று நாம் முடிவு செய்யவேண்டிய இடத்தில் நம்பை நின்று கேட்கிறது. நாம் இன்ட் போட்டு வாயை அடைக்கிறோம்.

மற்ற மொழிகள் யோக்கியமா என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மேட்லேப்பில் குறியில்லா எண் சுற்றாது, முட்டி நிற்கும். 200-லிருந்து 500 போனால் 0. சுற்றுவதைவிட இது மேல் என்று தோன்றும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 93 என்றாவது ஒருநாள் கண்ணில் பட்டுவிடும், 0 ஒருபோதும் படாது. வகுத்தலையும் முழு எண்ணாக்கிவிடுவதால் குறியீட்டெண் படம் முழுக்க 0-உம் 1-உம்தான் மிஞ்சும். முழு எண் வழிதலில் எனக்குப் பிடித்தது ஆர் மொழிதான். எல்லை தாண்டினால் "மதிப்பு இல்லை" என்று போட்டு, எச்சரிக்கையும் தரும். அந்த "இல்லை" அதன்பிறகு வரும் எல்லாக் கணக்கிலும் தொடர்ந்து வந்து காலைச் சுற்றும். அப்படித் தொல்லை கொடுக்கிற கருவிதான் மனுவோடு இணைக்கும் வரைபடத்துக்கு வேண்டும்.

தம்பியின் நிரலில் இப்போது கோப்பைத் திறந்த அடுத்த வரியிலேயே ஃப்ளோட்32. மாஸ்க் எங்கே உள்ளே வந்தாலும் அது உண்மை, பொய் வகைதானா என்று கேட்டு, இல்லையென்றால் நிற்கச் சொல்லியிருக்கிறோம். படம் வரையும் முன் ஆகச்சிறிய, ஆகப்பெரிய மதிப்பை அச்சிடுகிறது. புது வரைபடத்தில் கலங்கல் ஓரமும் வரத்துக்கால்வாய் வாயும் மட்டும் பச்சை. மாமா பார்த்துவிட்டு, "ம், இப்பதான் ஏரி மாதிரி இருக்கு" என்றாராம். மனுவில் "ஏரி முழுவதும்" என்றிருந்ததை அடித்து அந்த இரண்டு இடங்களின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

வேலை முடியவில்லை. 2021-ஆம் வருஷப் படங்களோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தான், அதைத் திரும்பப் பார்க்கணும். 1000 கூட்டாத பழைய படங்களிலும் அவன் நிரல் 1000-ஐக் கழித்திருக்கிறது. தேதியை வைத்து மட்டும் பிரிக்கவும் முடியாது, பழைய படங்கள் பலவற்றைப் புதிய பேஸ்லைனில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பின் பேஸ்லைன் எண்ணையும் திறந்து பார்க்கணும். நாற்பத்துச் சொச்சம் கோப்பு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம்.